உறுமலை அடக்க எர்த் பின்னை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்துவிட்டால் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மைக்செட் கட்டாத தெரு இருக்காது. அழகர் ஆற்றில் இறங்குவதையொட்டிப் போடும் தண்ணீர்ப் பந்தலில் ஆரம்பித்து, மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்களில் விடிய விடிய நடக்கும் நாடக மேடை வரைக்கும் ஒலிபெருக்கிதான். இந்தச் சமயத்தில் ஆபத்தான ஒரு வழக்கத்தைப் பற்றி விழாக் கமிட்டியினருக்கும் மைக்செட் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறோம். ஆம்ப்ளிஃபயரில் ‘ம்ம்ம்’ என்று ஹம்மிங் வந்தால் பவர் கார்டின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, வெட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் எர்த் ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிடுகிறார்கள். வெட்டியதும் பல நேரங்களில் உறுமல் நின்றும் விடுகிறது. அதனாலேயே இது சரியான வைத்தியம் என்று ஆகிப்போனது.

உறுமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். மிக்ஸர் ஒரு பிளக்கில் இருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் நாற்பது அடி தள்ளி இன்னொரு பிளக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் எர்த் உண்டு. இரண்டையும் இணைக்கும் சிக்னல் கேபிளின் ஷீல்டும் (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பிப் பின்னல்) எர்த்தோடு சேர்ந்ததே. ஆக, எர்த் ஒயரும் ஷீல்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுகின்றன. இரண்டு பிளக்குகளின் எர்த்துக்கும் இடையே அரை வோல்ட் வித்தியாசம் இருந்தாலே அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும். ஷீல்டுக்கும் சிறிது ரெசிஸ்டன்ஸ் உண்டு என்பதால் அதில் விழும் வோல்டேஜ் சிக்னலோடு சேர்ந்து ஸ்பீக்கருக்குப் போகிறது. ஒரு பக்கத்து எர்த்தை வெட்டினால் வளையம் அறுபடுகிறது, சத்தம் நிற்கிறது.

ஆனால் அதோடு ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் கருகி ஃபேஸ் பெட்டியைத் தொட்டுவிட்டால், அந்தக் கரண்ட் திரும்பிப் போக மிச்சம் இருப்பது மிக்ஸருக்குப் போகும் சிக்னல் கேபிளின் ஷீல்டு மட்டும்தான். முடி போன்ற அந்த இழைகள் பல ஆம்பியரைத் தாங்காது. அவை எரிந்து அறுந்த பிறகு பெட்டி, அதில் நேராகச் செருகிய மைக்கின் ஸ்டாண்டு, சல்லடை எல்லாம் 230 வோல்ட்டில் நிற்கும். நாடக மேடையில் பாடுகிறவரின் உதடு அந்தச் சல்லடையை ஒட்டியே இருக்கிறது. வியர்த்த உடம்பு, வெறுங்கால், தண்ணீர் தெளித்த தரை. மனித உடம்பின் வழியே 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில நொடிகள் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து.

இன்சுலேஷன் பழுதாகவே வேண்டாம், சுவிட்சிங் பவர் சப்ளை உள்ள பெரும்பாலான பெட்டிகளில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு இரண்டு சின்ன ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அவை இரண்டும் சப்ளையைச் சரிபாதியாகப் பிரித்து, பெட்டியில் 115 வோல்ட் வரை காட்டும். 2200 பிகோ ஃபாரட் என்றால் ஓடும் கரண்ட் 0.16 மில்லி ஆம்பியர்தான். விரலில் சுர்ரென்று ஒரு கூச்சம், அவ்வளவே. இப்படிப்பட்ட பத்துப் பெட்டிகளை ஒரே ஷீல்டில் கோத்தால் 1.6 மில்லி ஆம்பியர் ஆகிவிடும். பாடுகிறவர் திடுக்கிட்டு மைக்கைக் கீழே போடுவது இதனால்தான்.

எர்த்தில் கை வைக்காமலே உறுமலை நிறுத்தலாம். அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும், அதற்குக் கால்மணி நேரம் போதும்.

வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். உறுமல் கொஞ்சமும் மாறாமல் இருந்தால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால், அதாவது பவர் சப்ளையிலோ அவுட்புட் போர்டிலோ இருக்கிறது. வால்யூமோடு ஏறி இறங்கினால் அதற்கு முன்னால். அடுத்து, எல்லா இன்புட்டையும் கழற்றிவிட்டு, நுனியையும் உடலையும் ஒன்றாகப் பற்றவைத்த வெறும் ஜாக்கைச் செருகுங்கள். சத்தம் அடங்கிவிட்டால் பெட்டி நல்லதுதான். கேபிளிலோ, மிக்ஸரிலோ, எர்த் வளையத்திலோதான் தேட வேண்டும். லேப்டாப்பில் பாட்டு ஓடுகிறது என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரியில் அமைதியாக ஓடினால் வளையம் சார்ஜர் வழியாகத்தான். வால்யூம் குமிழின் உலோகத்தைத் தொட்டதும் உறுமல் குறைகிறதா? அந்தக் கன்ட்ரோலின் உடல் கிரவுண்டு ஆகவில்லை. பின்பக்கத் தகட்டைச் சுரண்டி ஒரு ஒயரைப் பற்றவைத்தால் முடிந்தது.

காதுக்கும் இதில் வேலை இருக்கிறது. இன்புட் முனையை விரலால் தொட்டால் வரும் அடித்தொண்டைச் சத்தம் 50 ஹெர்ட்ஸ். அது கேட்டால் ஷீல்டு அறுந்திருக்கும் அல்லது எர்த் வளையம். அதைவிடக் கொஞ்சம் தடித்து, கரகரப்பாக வருவது 100 ஹெர்ட்ஸ். ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபயருக்குப் பிறகு மிஞ்சும் ரிப்பிள், அதாவது வோல்டேஜின் ஏற்ற இறக்கம், அது. கூர்மையாக ‘ஜ்ர்ர்ர்’ என்று வந்தால் டிம்மர், சீரியல் செட், மட்டமான எல்.இ.டி. டிரைவர்.

100 ஹெர்ட்ஸ் உறுமலில் பத்துக்கு எட்டு, அந்த ரிப்பிளைச் சமன்படுத்தும் மெயின் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துபோனதால் வருவதே. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் வற்றிவிடுகிறது. இயங்கும் சூடு 10 டிகிரி கூடினால் இந்த வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் விடிய விடிய ஓடும் பெட்டிக்கு 85 டிகிரி ரகம் போடவே கூடாது. 105 டிகிரி என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்குங்கள். டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்துக் கடைகளில் இரண்டும் கிடைக்கும், விலை வித்தியாசம் அதிகமில்லை.

எவ்வளவு ரிப்பிள் இருக்கலாம் என்பது எளிய கணக்கு. ஓடும் ஆம்பியரை 100-ஆல் வகுத்து, அதைக் கெப்பாசிட்டரின் ஃபாரட் மதிப்பால் வகுக்க வேண்டும். 1 ஆம்பியர் லோடுக்கு 4700 மைக்ரோ ஃபாரட் போட்டால் உச்சியிலிருந்து அடி வரை சுமார் 2.1 வோல்ட், மீட்டரை ஏ.சி. ரேஞ்சில் வைத்தால் 0.6 வோல்ட் அளவில் காட்டும். 10,000 போட்டால் 1 வோல்ட். இதே லோடில் மீட்டர் 1.5, 2 என்று காட்டினால் கெப்பாசிட்டர் தீர்ந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த மீட்டர்கள் சில, ஏ.சி. ரேஞ்சிலும் டி.சி.யைச் சேர்த்துக்கொண்டு தப்பாகக் காட்டும். மீட்டரின் ஒரு முனையோடு 1 மைக்ரோ ஃபாரட் 100 வோல்ட் பாலியஸ்டர் கெப்பாசிட்டரைத் தொடராகச் சேர்த்து அளந்தால் ஏமாற வேண்டியதில்லை. ரெக்டிஃபயர் பிரிட்ஜில் (நான்கு டையோடு சேர்ந்தது) ஒரு டையோடு அறுந்துபோனாலும் உறுமல் கூடும். ஆனால் சத்தம் 100-லிருந்து 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும் என்பதால் எர்த் கோளாறு என்று நினைத்து எர்த்தை வெட்டிவிடுகிறார்கள்.

கெப்பாசிட்டர் புதிது, டையோடும் சரி, ஆனாலும் உறுமுகிறது என்றால் கிரவுண்டு ஒயர் போன வழியைப் பாருங்கள். நம் ஊரில் கையால் கட்டும் பெட்டிகளில் பாதிக்குப் பாதி இங்கேதான் கெடுகிறது, இதைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதும் இல்லை. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 4440 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. போர்டு ஓட்டுவதை எடுத்துக்கொள்வோம். சராசரி 1 ஆம்பியர் என்றாலும், டிரான்ஸ்ஃபார்மரின் ‘0’ ஒயரிலிருந்து ஃபில்டர் கெப்பாசிட்டரின் மைனஸ் வரை ஓடுவது சீரான 1 ஆம்பியர் அல்ல. ஒவ்வொரு அரைச் சுற்றின் உச்சியிலும் டையோடு கொஞ்ச நேரம் மட்டும் திறக்கிறது. அந்த நொடிப் பகுதிக்குள் 5 முதல் 10 ஆம்பியர் வரை பாய்ந்து கெப்பாசிட்டர் நிரம்புகிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் ரெசிஸ்டன்ஸ் மீட்டருக்கு 17 மில்லி ஓம். 10 சென்டிமீட்டர் துண்டு என்றால் 1.7 மில்லி ஓம். அதில் 8 ஆம்பியர் பாய்ந்தால் கிட்டத்தட்ட 14 மில்லி வோல்ட். ஒரு சாண்கூட இல்லாத அந்த ஒயரின் இரண்டு முனையும் ஒரே கிரவுண்டு என்றுதான் நாம் நினைக்கிறோம்; இடையே 14 மில்லி வோல்ட் துடித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது இன்புட் ஜாக்கின் ஷீல்டை, கைக்கு எட்டியது என்று டிரான்ஸ்ஃபார்மரின் ‘0’ முனையில் பற்றவைத்தால், அந்த 14 மில்லி வோல்ட் முழுதும் சிக்னலோடு தொடராகச் சேர்ந்துவிடும். 4440 ஐ.சி. உள்ளே வருவதை 300 மடங்குக்கு மேல் பெருக்குவது. 1 மில்லி வோல்ட் உள்ளே போனாலே ஸ்பீக்கரில் மூன்றில் ஒரு வோல்ட் உறுமல். 14 போனால் பாட்டுக்கு இடமே இல்லை.

ஆகவே ‘0’ ஒயர் நேராகக் கெப்பாசிட்டரின் மைனஸுக்கு மட்டும் போகட்டும், குட்டையாக, தடியாக. வேறு எதுவும் அந்த ஒயரைத் தொடக் கூடாது. கெப்பாசிட்டரின் மைனஸிலிருந்து ஒரு சின்ன செம்புத் துண்டு இழுத்து, அதன் மறுமுனையில் ஒரே புள்ளி அமையுங்கள். போர்டின் பவர் கிரவுண்டு, ஸ்பீக்கரின் திரும்பும் ஒயர், இன்புட் ஷீல்டு, பெட்டிக்குப் போகும் ஒயர் என்று எல்லாம் தனித்தனி ஒயராக அந்தப் புள்ளிக்கு வரட்டும். ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கோக்காதீர்கள். இவ்வளவும் செய்துவிட்டு, இன்புட் சாக்கெட்டை நட்டுப் போட்டுப் பெட்டித் தகட்டில் இறுக்கினால் வேலையெல்லாம் வீண். சாக்கெட்டின் உடல் தகட்டைத் தொடும் இடத்தில் இரண்டாவது கிரவுண்டு உண்டாகிவிடுகிறது. இருபக்கமும் பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள், அல்லது பிளாஸ்டிக் உடல் சாக்கெட் வாங்குங்கள். இறுக்கிய பிறகு, உள்ளே ஒயர் எதையும் கோக்கும் முன், சாக்கெட்டுக்கும் பெட்டிக்கும் இடையே மீட்டர் கீச்சிடக் கூடாது (கீச்சிட்டால் இரண்டும் தொடுகின்றன).

பவர் கார்டின் எர்த் ஒயர் பெட்டியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில், பல் வாஷர் போட்டு, தனி போல்ட்டில் நேரடியாக இறுகட்டும். டிரான்ஸ்ஃபார்மரை மாட்டிய போல்ட்டிலேயே அதையும் செருகக் கூடாது. சிக்னல் கிரவுண்டுப் புள்ளிக்கும் பெட்டிக்கும் நடுவில் 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். வளையத்தில் ஓடும் கரண்டை அது நசுக்கிவிடும். அதோடு, பழுது வரும் நாளில் அந்த ரெசிஸ்டர் எரிந்து இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க, 35 ஆம்பியர் பிரிட்ஜ் ஒன்றை அதற்கு இணையாகப் போட வேண்டும். பிரிட்ஜின் பிளஸ், மைனஸ் கால்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, ஏ.சி. கால் ஒன்றை சிக்னல் கிரவுண்டிலும் மற்றதைப் பெட்டியிலும் இணையுங்கள். ஒரு வோல்ட்டுக்குள் அது திறக்காது, அதனால் உறுமல் தாண்டாது. அதற்கு மேல் போனால் திறந்து முழுக் கரண்டையும் எர்த்துக்கு அனுப்பிவிடும். கூடவே 0.1 மைக்ரோ ஃபாரட் ஒன்று இருந்தால் ரேடியோ அலைக்கும் வழி கிடைக்கும். பின்னை வெட்டுவதால் கிடைக்கும் அமைதி, உயிருக்கு ஆபத்தில்லாமல் இதில் கிடைக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மர் இன்புட்டுக்கு எதிர் மூலையில் இருக்கட்டும். போல்ட் இறுக்கும் முன் நான்கு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்து, சத்தம் குறைந்த கோணத்தில் நிறுத்துங்கள். பிரைமரி முனைகளுக்கு ஸ்லீவ் போட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

வெளியே, மேடையில், நீண்ட தூரத்துக்கு ஒற்றை உள்கம்பி ஷீல்டு ஒயர் வேண்டவே வேண்டாம். ஐந்தாறு மீட்டரைத் தாண்டினால் இரட்டைக் கம்பி பேலன்ஸ்டு கேபிள்தான். எக்ஸ்.எல்.ஆர். பிளக்கில் 1-ஆம் பின் ஷீல்டு, 2 சிக்னல், 3 அதன் எதிர்முகம். வழியில் ஒட்டும் உறுமல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஒட்டுவதால், மிக்ஸர் இரண்டின் வித்தியாசத்தை எடுக்கும்போது கழிந்துவிடுகிறது. 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் பற்றவைத்தால் சத்தம் வரும், ஆனால் பக்கத்து மைக்கோடு அடித்துக்கொண்டு குரல் மெலியும். மிக்ஸரிலிருந்து தூரத்து ஆம்ப்ளிஃபயருக்கு 600-க்கு 600 ஓம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் வைத்து, அதன் ஒரு பக்கம் மட்டும் ஷீல்டை இணைத்து, மறுபக்கம் இணைக்காமல் விட்டால், சிக்னல் போகும், வளையம் போகாது. எர்த் இரு பெட்டியிலும் அப்படியே இருக்கும்.

மைக் கேபிளும் கரண்ட் ஒயரும் ஒரே கட்டாகக் கட்டப்படுவதை எல்லா மேடையிலும் பார்க்கலாம். குறைந்தது ஓரடி இடைவெளி விடுங்கள். தாண்டியே ஆக வேண்டிய இடத்தில் குறுக்கே, செங்குத்தாகத் தாண்டட்டும். குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் 100 வோல்ட் லைனும் மைக் கேபிளுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. அது உறுமாது, ஊளையிடும்.

சீரியல் செட்டுக்கும் எல்.இ.டி. அலங்காரத்துக்கும் ஒரு ஃபேஸ், சவுண்டுக்கு வேறு ஃபேஸ் என்று பிரித்துவிடுங்கள். சவுண்டுப் பெட்டிகள் அனைத்தும் ஒரே ஃபேஸில், ஒரே எர்த் பாரில் இருக்க வேண்டும். மிக்ஸர் ஒரு ஃபேஸ், ஆம்ப்ளிஃபயர் இன்னொரு ஃபேஸ் என்று வைத்தால் இரண்டு ஃபேஸுக்கும் நடுவே கிட்டத்தட்ட 400 வோல்ட் நிற்கும். டிம்மரின் சத்தம் தாங்கவில்லை என்றால் அதன் இன்புட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட், 275 வோல்ட் ஏ.சி. என்று எழுதிய எக்ஸ்2 ரகக் கெப்பாசிட்டர் போடலாம். சாதாரண 400 வோல்ட் டி.சி. கெப்பாசிட்டரை அங்கே போட்டால் வெடித்துத் தீப்பிடிக்கலாம். ரிலே வைத்து விளக்கை மாற்றும் கன்ட்ரோலரில் ‘டப் டப்’ என்று வந்தால் ரிலே முனைகளுக்குக் குறுக்கே 100 ஓமும் அதே 0.1 எக்ஸ்2-வும் தொடராக.

பக்கத்தில் செல்போன் ‘டிட்டிட் டிட்டிட்’ என்று அடிப்பது 2ஜி போன் நொடிக்கு 217 முறை அலை விட்டு விட்டு அனுப்புவதால். லைன் இன்புட்டில் 1 கிலோ ஓம் தொடராகவும், அதற்குப் பின்னால் கிரவுண்டுக்கு 220 பிகோ ஃபாரட் டிஸ்க் கெப்பாசிட்டரும் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். போனை மிக்ஸர் மேல் வைக்காமல் இருப்பது அதைவிட எளிது.

‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் மட்டும் வேறு ரகம். எந்த ரெசிஸ்டரும் சூட்டின் காரணமாகவே தானாக இரைச்சல் தரும் என்று ஜான்சன் என்ற விஞ்ஞானி அளந்து காட்டினார், நைக்விஸ்ட் கணக்குப் போட்டு விளக்கினார். இரண்டும் 1928-இல் வெளிவந்தன. அறைச் சூட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், காது கேட்கும் எல்லை முழுவதற்கும் தருவது அரை மைக்ரோ வோல்ட்டுக்குச் சற்று மேல். மைக் தரும் ஒன்றிரண்டு மில்லி வோல்ட்டுக்கு முன்னால் இது மிகச் சிறிது. ஆக, இரைச்சல் பெரிதாகக் கேட்கிறது என்றால் தப்பு நம் கையில்தான்: மிக்ஸரில் கெயினை (முதல் நிலைப் பெருக்கத்தை) குறைத்து வைத்து, ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருப்பியிருப்பார்கள். மாற்றிச் செய்யுங்கள். முதல் நிலையிலேயே குரலை வேண்டிய அளவு ஏற்றிவிட்டு, பின்னால் குறைத்து ஓட்டுங்கள். போர்டில் 4558 ஐ.சி. இருந்தால் அதே கால்களில் 5532 உட்காரும், இரைச்சல் குறையும், ஆனால் ஐ.சி.யின் சப்ளைக் கால்களை ஒட்டி 104 செராமிக் கெப்பாசிட்டர் (0.1 மைக்ரோ ஃபாரட்) இல்லாவிட்டால் அது தானாக அலைபாய்ந்து சூடாகும். இரண்டு அங்குலம் தள்ளிப் போட்ட 104 போடாததற்குச் சமம்.

கடைசியாக எர்த்தைப் பற்றி. பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து கிடக்கிறது. மேலூர் பக்கம் பாறை வேறு. மழைக்காலத்தில் நன்றாக இருந்த எர்த் இப்போது பல மடங்கு மோசமாக இருக்கும். 5 ஓம் எர்த்தில் ஃபேஸ் விழுந்தால் 46 ஆம்பியர் பாயும், 6 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் பாய்ந்தால் தானாக விழும் சுவிட்ச்) விழுந்துவிடும். அதே எர்த் 50 ஓம் ஆகிவிட்டால் பாய்வது 4.6 ஆம்பியர்தான், எம்.சி.பி. அசையாது, பெட்டி லைவாகவே நிற்கும். அதனால் மேடைக்கு வரும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும். ஜெனரேட்டர் ஓடும் இடத்தில் அதன் நியூட்ரலும் உடலும் எர்த் ஆகியிருந்தால்தான், எர்த்துக்குக் கசியும் கரண்டைக் கண்டு அந்த ஆர்.சி.சி.பி. விழும்; நியூட்ரலை அந்தரத்தில் விட்ட ஜெனரேட்டரில் அது இருந்தும் பயனில்லை. எர்த் குழி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரநூல் இருக்கிறது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் அதன்படி போடச் சொல்லுங்கள்.

பிளக்கின் எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது, செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விடுவதற்காகத்தான். அட்வான்ஸ் கொடுக்கும்போதே கமிட்டியினர் மைக்செட்காரரின் பிளக்குகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டு பின் மட்டும் இருந்தால் மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். விழாவன்று முதல் மைக்கைக் கையில் கொடுக்கும் முன் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி.யை மட்டுமே சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. எர்த்துக்கு, எர்த் டெஸ்டர் வைத்து அளந்த ஓம் கணக்கை எலக்ட்ரீஷியனிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் சிலர்,
மதுரை.